முட்டி வலிக்கு வெறும் நல்லெண்ணெயா, தைலமா, இல்ல 7 நாள் பேக்கேஜா? எங்க வீட்ல போட்ட கணக்கு

போன ஐப்பசி மழையில அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் பிடிச்சுக்கிச்சு. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா". எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம், எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னாரு, தொடை தசைக்கு பயிற்சி பண்ணுங்க, எடைய கொஞ்சம் குறைங்க, ரொம்ப வலிச்சா மட்டும் மாத்திரைனு சொல்லி அனுப்பிட்டாரு. அதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க பாருங்க. பெரியம்மா சொன்னது, "வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுனு சும்மாவா சொன்னாங்க, செக்கு நல்லெண்ணெய சுட வச்சு தேச்சு ஊத்து, போதும்". பாலக்காட்டுப் பக்கம் வாக்கப்பட்ட அத்தை போன்ல "தன்வந்தரம் தைலம் வாங்குடா"ங்கறாங்க. தம்பி ஒருத்தன் ஆயுர்வேத சென்டர் நோட்டீஸ எடுத்துட்டு வந்துட்டான், 7 நாள் பேக்கேஜாம். அஞ்சாறு மாசம் மூணையும் மாத்தி மாத்திப் பாத்துட்டோம். இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு பயன்படும்னு எழுதறேன். நான் வைத்தியர் இல்ல, எண்ணெய் வாங்கி வாங்கி கணக்கு பாத்தவன், அவ்ளோதான்.

முதல்ல ஒண்ண தெளிவாக்கிக்கணும். நல்லெண்ணெயா தைலமாங்கற கேள்வியே பாதி தப்பு. எள்+நெய் தான் எண்ணெய், அது நமக்குத் தெரியும். சமஸ்கிருதத்துலயும் அதே கதை தான், திலம்னா எள்ளு, திலத்துல இருந்து வந்தது தைலம். அதனால கடையில தைலம்னு வாங்கற பாட்டில் பெரும்பாலும் நல்லெண்ணெய் தான், மூலிகை போட்டு காய்ச்சினது. கேரளாக்காரங்க லேபிள்ல இத சுலபமா பிரிச்சு வச்சிருக்காங்க, பேரோட கடைசி வார்த்தைய பாத்தாலே போதும்: தைலம்னு முடிஞ்சா பொதுவா நல்லெண்ணெய், கேரம்னு முடிஞ்சா தேங்காயெண்ணெய், குழம்புனு முடிஞ்சா நல்லெண்ணெயோட விளக்கெண்ணெயும் நெய்யும் சேந்தது (சாப்பாட்டுக் குழம்பு இல்லைங்க, நானும் முதல் தடவ சிரிச்சேன்). இதுலயும் விதிவிலக்கு உண்டு, கற்பூராதி தைலம் தைலம்னு பேர் வச்சுக்கிட்டே தேங்காயெண்ணெயில வரும், அதனால பாட்டில் பின்னாடி ஒரு தடவ படிச்சிருங்க. ஆக கேள்வி என்னன்னா, சும்மா எண்ணெய் போதுமா, இல்ல காய்ச்சின எண்ணெய்க்கு காசு குடுக்கணுமாங்கறது தான்.

வெறும் நல்லெண்ணெய்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல தான் விஷயமும் ஜாஸ்தி, ஏமாத்தும் ஜாஸ்தி.

ஆயுர்வேதத்துல கொழுப்புப் பொருள் நாலு வகை, நெய், எண்ணெய், விலங்குக் கொழுப்பு, எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை. எண்ணெய்ல எத்தனை விதை எண்ணெய் இருந்தாலும் எள்ளெண்ணெய் தான் ஒசத்தினு சரக சம்ஹிதைங்கற பழைய ஆயுர்வேத நூல்ல சொல்லியிருக்கு, பலத்துக்கும் உடம்பு வறட்சி போறதுக்கும். அஷ்டாங்க ஹிருதயம்ங்கற இன்னொரு பழைய நூல் இன்னும் சுருக்கமா முடிச்சிருது: வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய், கபத்துக்கு தேன். தினமும் எண்ணெய் தேய்க்கணும், முக்கியமா தலை, காது, பாதம் இந்த மூணு இடத்துலனும் அதுல வருது. நம்ம ஊர்ல சனிக்கிழமை ஆம்பளைங்க, செவ்வாய் வெள்ளி பொம்பளைங்கனு வாரக் கணக்கா ஆக்கி வச்சிருக்கோம், அங்க தினசரிக் கணக்கு.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா இடிச்சுது. ஆயுர்வேதத்துல நல்லெண்ணெய் சூட்டு வீரியம் உள்ளது, உஷ்ணம். ஆனா நம்ம வீட்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சா "உடம்பு சூடு குறையும், கண்ணு குளிரும்"னு சொல்லுவோம். ரெண்டுல எது சரி? கடை வைத்தியர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு சொன்னாரு, "தூக்கமில்லாம அலைஞ்சு வர்ற எரிச்சலைத்தான் தம்பி நீங்க சூடுங்கறீங்க, அது வறட்சி, எண்ணெய் பட்டா அடங்கிரும். நெஜமா பித்தம் ஏறின சூட்டுக்கு இத தேச்சா ஏறத்தான் செய்யும்". எனக்கு இந்த பதில் பிடிச்சிருந்துச்சு. வேனல்ல கட்டி, தோல் எரிச்சல் வர்ற ஆளுக்கு தேங்காயெண்ணெய் ஏன் ஒத்துக்குது நல்லெண்ணெய் ஏன் ஒத்துக்கலைங்கறதுக்கும் இதே விளக்கம் தான் அவங்க சொல்றது.

இப்ப விலை. மரச்செக்குல ஒரு கிலோ எள்ளு ஆட்டினா 400, 450 மில்லி கிடைச்சாலே பெரிசு. அப்ப ஒரு லிட்டருக்கு ரெண்டேகால், ரெண்டரை கிலோ எள்ளு. எள்ளு கிலோ 160 ரூபாய்னு வச்சாலும் எள்ளுக்கு மட்டும் 360ல இருந்து 400 ஆகுது, அப்புறம் ஆட்டுகூலி, கருப்பட்டி, பாட்டில், பிண்ணாக்கு வித்த காச கழிச்சாலும் பெருசா குறையாது. இதுல எவனாவது "சுத்தமான மரச்செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 220"னு போர்டு வச்சா உள்ள என்ன இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. கருப்பட்டி போடறது கலப்படம் இல்லைங்க, ஆட்டும்போது எண்ணெய் பிரியறதுக்கும் கசப்பு தெரியாம இருக்கறதுக்கும் காலங்காலமா போடறது தான், அடியில கொஞ்சம் மண்டி தங்கினா பயப்பட வேண்டாம். தீப எண்ணெய்னு பூஜைக் கடையில விக்கறத மட்டும் உடம்புக்கு எடுத்துராதீங்க, அது பல எண்ணெய் கலவை, விளக்குக்கு மட்டும். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, சைனீஸ், கொரியன் கடையில கிடைக்கற கரும்பழுப்பு எள்ளெண்ணெய் வறுத்த எள்ளுல எடுத்தது, நூடுல்ஸ் மேல ஊத்தத்தான், அத உடம்புல தேச்சா நாள் பூரா வறுத்த வாசம் தான் அடிக்கும். வறுக்காத எள்ளுல எடுத்த வெளிர் மஞ்சள் எண்ணெய் தான் நம்ம கணக்கு. இன்னொண்ணு, நல்லெண்ணெய் மத்த எண்ணெய் மாதிரி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, அதுல செசமோல்னு ஒரு பொருள் இருக்கு, அது எண்ணெய கெடாம காக்கும். மூலிகை காய்ச்சி வருஷக்கணக்குல வைக்கறதுக்கு பழைய ஆளுங்க இத எடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்ங்கறது என்னோட ஊகம்.

அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள், கிண்ணத்த வெந்நீர்ல வச்சு சூடாக்கி, தலையில இருந்து பாதம் வரைக்கும், அரை மணி நேரம் ஊறி, அரப்பு போட்டு வெந்நீர் குளியல். ஒரு மாசத்துல கணுக்கால்கிட்ட வெள்ளையா பொரிஞ்சு கிடந்த தோல் சரியாச்சு, அரிப்பு போச்சு, குளிச்ச அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினாங்க. முட்டி? தேச்ச அன்னைக்கு ஒரு ரெண்டு மூணு மணி நேரம் லேசா இருக்கும், மறுநாள் பழையபடி. அது எண்ணெயோட வேலையா, வெந்நீரோட வேலையா, பொண்ணு உக்காந்து அரை மணி நேரம் கால் பிடிச்சு விட்டதோட வேலையானு பிரிச்சு சொல்ல எனக்குத் தெரியாது. சுஸ்ருதரோட பழைய ஆயுர்வேத நூலுக்கு உரை எழுதின டல்ஹணர், எண்ணெய் மயிர்க்காலுக்குப் போக 300 மாத்திரை, எலும்புக்கு 800, மஜ்ஜைக்கு 900னு கணக்கே குடுத்திருக்காரு. மாத்திரைனா நம்ம இலக்கணத்துல படிச்ச அதே கண்ணிமைக்கற நேரம் தான், நொடிக்கு ஒண்ணுனு தாராளமா வச்சா கூட 15 நிமிஷம். அழகான கணக்கு, ஆனா இன்னைக்கு தோல் ஆராய்ச்சி பண்றவங்க எண்ணெய் பெரும்பாலும் தோலோட மேல் அடுக்குலயே நின்னுரும்ங்கறாங்க. மேல நின்னாலே தோலுக்கு செய்ய வேண்டியத செஞ்சிருது, அது போதும், எலும்பு வரைக்கும் இறங்குதுனு நம்பி தேய்மானம் திரும்ப வளரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

சரி, தைலம்.

இது ஏன் விலை ஜாஸ்தின்னா செய்முறை அப்படி. பொது விதி 1:4:16. அரைச்ச மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, கஷாயமோ பாலோ பதினாறு பங்கு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டர் கஷாயத்த ஊத்தி, அந்தத் தண்ணி பூரா சுண்டற வரைக்கும் சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருக்கணும். விழுத விரல்ல திரிச்சா திரி மாதிரி வரணும், அத நெருப்புல காட்டினா சடசடனு சத்தம் வரக் கூடாது, வந்தா தண்ணி இன்னும் இருக்குனு அர்த்தம். இறக்கற பக்குவத்துலயே மூணு இருக்கு, மூக்குல விட ஒண்ணு, உள்ளுக்குக் குடுக்க ஒண்ணு, மேல தேய்க்க ஒண்ணு. க்ஷீரபலா தைலத்துல சேர்மானம் மூணே மூணு தான், குறுந்தோட்டி வேர், பால், நல்லெண்ணெய். ஆனா அதையே திரும்பத் திரும்ப 101 தடவ காய்ச்சினது "க்ஷீரபலா 101", 10 மில்லி குட்டி பாட்டில்ல சொட்டுக் கணக்குக்கு வரும். இத முட்டியில தேய்க்க வாங்கினா பணக்கார வேலை, அது வைத்தியர் சொல்லி உள்ளுக்கு எடுக்கறது.

நான் பண்ணின தப்பு இங்க தான். அத்தை சொன்னாங்கனு நேரா தன்வந்தரம் வாங்கிட்டு வந்துட்டேன். நல்ல தைலம் தான், குறுந்தோட்டி, பால், தசமூலம்ங்கற பத்து வேர் எல்லாம் சேந்தது, பிரசவம் ஆன பொண்ணுங்களுக்கு கேரளாவுல இத விட்டா வேற பேச்சே இல்ல. ஆனா அப்ப அம்மாவுக்கு முட்டி வீங்கி இருந்துச்சு. பத்து நாள் தேச்சோம், ஒண்ணும் ஆகல, கனமா இருக்குனு சொன்னாங்க. அப்புறம் தான் அந்தக் கடை வைத்தியர்கிட்டயே அம்மாவ கூட்டிட்டுப் போனேன், அவர் முட்டிய தொட்டுப் பாத்துட்டு அம்மாகிட்ட கேட்ட முதல் கேள்வி, "வீங்கிக்கிட்டு வலிக்குதுங்களாம்மா, இல்ல காஞ்சு போய் சொடக்கு விழுதுங்களா?". தைலம் வாங்கப் போற யாரும் இந்த ஒரு கேள்விய கேட்டுக்கிட்டா பாதிக் காசு மிச்சம்ங்க. வீக்கம், கனம், காலையில எந்திரிக்கும்போது இறுக்கம் இருந்தா கொட்டஞ்சுக்காதி தைலம். கோஷ்டம், சுக்கு, வசம்பு, பூண்டு, புளியிலைச் சாறு எல்லாம் போட்டது, வத்த வைக்கற வகை. வீக்கம் இல்லாம வறண்டு சொடக்கு சத்தத்தோட வலினா தன்வந்தரம், க்ஷீரபலா மாதிரி ஊட்டம் குடுக்கறது. இடுப்புல இருந்து கால் வழியா இழுக்கற நரம்பு வலினா சகசராதி. சிவந்து எரியற மூட்டுனா (திடீர்னு சிவந்து கொதிச்சு வீங்கினது இல்ல, அத கடைசியில சொல்றேன்) பிண்ட தைலம், நல்லெண்ணெய்ல தேன்மெழுகும் மஞ்சிட்டியும் சேந்து செக்கச்செவேல்னு இருக்கும். அடி பட்டது, சுளுக்குனா முறிவெண்ணெய், அது தேங்காயெண்ணெய்ல செய்யறது. வைத்தியருக்கு வைத்தியர் இது கொஞ்சம் மாறும், ஆனா வீக்கமா வறட்சியாங்கற பிரிவு எல்லாரும் சொல்றது தான்.

கொட்டஞ்சுக்காதி மாத்தினப்புறம் மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது. நாளாவட்டத்துல தானா வடிஞ்சிருக்குமானு கேட்டா, இருக்கலாம், கூடவே தொடைப் பயிற்சியும் பண்ணிக்கிட்டு தான் இருந்தாங்க. வாசம் மட்டும் சொல்லிடறேன், பூண்டு ஊறுகாய் பாட்டில்ல யாரோ மருந்துக் கடைய கொட்டின மாதிரி இருக்கும், தலகாணி உறை எல்லாம் போச்சு. விலைனு பாத்தா நாங்க வாங்கின 200 மில்லி பாட்டில லிட்டருக்குக் கணக்கு போட்டா செக்கு எண்ணெய விட மூணு மடங்கு கிட்ட வந்துச்சு. அதனால தான் உடம்பு பூரா தைலம் தேய்க்கறது எனக்கு வீண் செலவாத் தெரியுது, வலிக்கற இடத்துக்கு ரெண்டு ஸ்பூன் தைலம், மத்த இடத்துக்கு நல்லெண்ணெய், வைத்தியரும் சரினுட்டாரு.

எங்க வாங்கறதுனு கேட்டா, கோயமுத்தூர்ல எங்களுக்கு கேரளா கம்பெனிங்க கடை தெருவுக்குத் தெரு. 1902ல பி.எஸ்.வாரியர் ஆரம்பிச்ச கோட்டக்கல் ஆர்ய வைத்ய சாலை இருக்கு, கேரள அரசோட ஔஷதி இருக்கு, சென்னைப் பக்கம்னா 1944ல வைத்தியர்ங்களே சேந்து கூட்டுறவா தொடங்கின இம்ப்காப்ஸ். காசே வேண்டாம்னா அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்குப் போங்க, அங்க ஓ.பி.ல பாத்து உளுந்து தைலம் மாதிரி ஏதாவது சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க, காலி பாட்டில் நாம கொண்டு போகணும். அது ஆயுர்வேதம் இல்ல சித்தா, ஆனா அதுலயும் அடிப்படை நல்லெண்ணெய் தான், எங்க பெரியப்பா வருஷக்கணக்கா அத தான் தேய்க்கறாரு.

மூணாவது, பேக்கேஜ். இதுல எனக்குக் கோவம் இருக்கு, முன்கூட்டியே சொல்லிடறேன். ஒரு சென்டர்ல 7 நாள் அப்யங்கம் (உடம்பு பூரா எண்ணெய் தேய்க்கறது), கிழி (மூலிகை மூட்டை ஒத்தடம்), ஜானு வஸ்தினு போட்டோம், 14,000 ஆச்சு. முதல் நாள் ஒரு டாக்டர் நாடி பாத்தாரு, அதுக்கப்புறம் ஏழு நாளும் அவர் முகத்த பாக்கல. ஜானு வஸ்தினா முட்டியச் சுத்தி உளுந்து மாவுல வரம்பு கட்டி அதுக்குள்ள இளஞ்சூட்டு தைலத்த ஊத்தி நிறுத்தறது, ஆறினா எடுத்துட்டு சூடா ஊத்துவாங்க. பாக்க நல்லா இருந்துச்சு, அம்மாவுக்கு சுகமாவும் இருந்துச்சுனு தான் சொன்னாங்க. நாலாவது நாள் தான் கவனிச்சேன், ஊத்தின எண்ணெய் ஒரு மாதிரி கறுத்துக் கிடந்துச்சு, இது யாருக்கு ஊத்தினதுனு கேட்டா சரியான பதில் இல்ல. அதனால பேக்கேஜ் போறவங்க மூணு கேள்வி கேட்டுருங்க: தைலம் எனக்குனு புதுசா எடுப்பீங்களா, எந்தத் தைலம்னு சீட்டுல எழுதித் தருவீங்களா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு தடவ பாப்பாரு. மூணுக்கும் நேரா பதில் வந்தா சேருங்க. பக்கவாதத்துக்கு அப்புறம், கழுத்து இடுப்பு ரொம்ப நாள் வலினு நெஜமா ஆள் வச்சு செய்ய வேண்டிய கேஸ் இருக்கு, அதுக்கு ஆஸ்பத்திரியோட சேந்த இடமா பாத்துப் போறது நல்லது. சாதாரண தேய்மானத்துக்கு எங்க அனுபவத்துல ஏழு நாள் சுகம், பத்தாவது நாள் பழைய முருகா.

மத்த எண்ணெய்ங்க பத்தி ரெண்டு வரி. கடுகெண்ணெய் வடக்க ஓடுது, குழந்தைத் தோலுக்குக் காரம், எனக்கு இஷ்டமில்ல. விளக்கெண்ணெய் தேய்க்க பிசுபிசுனு இருக்கும், கொஞ்சமா நல்லெண்ணெயோட கலந்துக்கலாம்.

குழந்தைக்கு எதுனு மச்சினிச்சி கேட்டா, அதுக்கும் வெறும் நல்லெண்ணெய் போதும்னு தான் சொன்னேன். 2000ல இந்தியாவுல ஒரு ஆய்வு வந்துச்சு, 125 குழந்தைங்கள பிரிச்சு நாலு வாரம் வேற வேற எண்ணெயில மசாஜ் பண்ணிப் பாத்ததுல நல்லெண்ணெய் குரூப் வளர்ச்சியில நல்லா வந்துச்சு. ஒரே ஆய்வு, சின்ன ஆய்வு, அதையும் சொல்லணும். குளிப்பாட்ட வர்ற பாட்டிங்க குழந்தை மூக்குலயும் காதுலயும் எண்ணெய் ஊத்தறத மட்டும் கண்டிப்பா நிறுத்துங்க, நுரையீரலுக்குள்ள எண்ணெய் போனா நிமோனியா வரும், வந்த கேஸ் இருக்கு. பெரியவங்களுக்கே நஸ்யத்துக்கு, அதாவது மூக்குல விடறதுக்கு, அணு தைலம் வைத்தியர் சொன்னா ரெண்டு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். வாய் கொப்பளிக்கறதுக்கு அரிமேதாதி தைலம்னு தனியா இருக்கு, ஆனா ஒரு ஸ்பூன் வெறும் நல்லெண்ணெய்க்கு மேல அது என்ன செய்யுதுனு எனக்குத் தெரியல, பல்லு விளக்கறத விட்டுறாம இருந்தா சரி. துப்பறது குப்பைத் தொட்டியில, சிங்க்ல துப்பினா குழாய் அடைச்சுக்கும், எங்களுக்கு அடைச்சுது.

எப்ப எதுவுமே தேய்க்கக் கூடாதுன்னா, சளி கட்டினது, சாப்பிட்டது செரிக்காம இருக்கறது, இத அஷ்டாங்க ஹிருதயமே தடுக்குது, காய்ச்சல்லயும் வேண்டாம். அது போக முட்டி திடீர்னு சிவந்து கொதிச்சு வீங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ தேய்க்கவே தேய்க்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டி இருந்தா தேய்க்கறது ஆபத்து. எள்ளு அலர்ஜி இருக்கறவங்களும் உண்டு, புதுசா போடறவங்க முழங்கையில ஒரு நாள் தடவிப் பாத்துக்கங்க. அப்புறம் இத சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, வயசானவங்களுக்கு எண்ணெய்ல பெரிய ஆபத்து பாத்ரூம் டைல்ஸ் தான். பாதத்துக்கு எண்ணெய் நல்லதுனு புத்தகம் சொல்லுது, அந்தப் பாதத்தோட வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். நாங்க உள்ளங்கால துணியால அழுத்தித் துடைச்சுட்டு, பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு தான் ஊத்தறோம்.

இப்ப வீட்ல ஓடறது இது தான். செவ்வாயும் வெள்ளியும் செக்கு நல்லெண்ணெய், மாசம் ஒரு லிட்டர், அதுலயே எனக்கும் சனிக்கிழமை ஓடிருது. முட்டிக்கு வீக்கம் இருக்கற வாரம் கொட்டஞ்சுக்காதி, இல்லாத வாரம் வாங்கி வீணாக் கிடந்த அந்த தன்வந்தரம், ரெண்டு பாட்டிலும் மூடியில பேனாவால "வீ", "வ"னு எழுதி வச்சிருக்கு. பேக்கேஜ் இனிமே இல்ல, அந்தக் காசுல பாதிக்கு பாத்ரூம்ல கைப்பிடி கம்பி ரெண்டு போட்டாச்சு. படி ஏறும்போது முருகா இன்னும் கேக்குது, ஆனா படிக்கு ஒண்ணு இல்ல, பாதியில ஒண்ணு, மேல போய் ஒண்ணு.